உலுக்கிப் பார்த்து அனுப்புவோம்!

"வெற்றிக்குப் பெரிதும் காரணம் திறமையா, தயாரிப்பா?" தயாரிப்பே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர், "திறமை இருந்தா ராக்கெட்டே பறக்கும்"னு சொன்னாரு. ஐயா, ராக்கெட் பறந்துடும். உள்ளே இருக்கிற கருவி உருப்படியாப் போய்ச் சேரணுமே! (சிரிப்பு)

நாமக்கல்காரங்களுக்கு இது தெரியும். முட்டையைக் கேரளாவுக்கு மூட்டையில கட்டியா அனுப்புறோம்? குழி குழியா அட்டை, ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு தனி வீடு! (கைதட்டல்) விண்வெளிக்குப் போற லேசர் கருவியும் முட்டை மாதிரிதான்.

2008-ல் சந்திரயான்-1 ஒரு லேசர் கருவியைக் கொண்டு போனது. நிலவுக்கு 100 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒளியை அடித்து, அது திரும்பி வரும் நேரத்தைக் கணக்கிட்டு மேடு பள்ளம் அளந்தது. இப்படிப்பட்ட கருவிக்குள்ளே லென்ஸ் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் ஒளி எங்கேயோ போயிடும். அதனால்தான் புறப்படும் முன்பே அதிர்வு மேசையில் வைத்து உலுக்குறாங்க. காற்றை உறிஞ்சி எடுத்த அறையில் வைத்துச் சுட வைக்கிறாங்க, உறைய வைக்கிறாங்க. காற்றில்லாத இடத்தில் ஒட்டும் பசையிலிருந்துகூட ஆவி கிளம்பி லென்ஸில் படியும். அந்தக் கறை மேல லேசர் பட்டால் லென்ஸே கருகிப் போகலாம். அதனால் பசையைக்கூடச் சோதித்த பிறகே ஒட்டுகிறார்கள்!

இந்தத் தயாரிப்பில் நம்ம மண்ணுக்கும் பங்கு உண்டு. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறை நிலவின் மேட்டு நிலத்து மண்ணைப் போன்றது. அதைப் பொடியாக்கிப் பெங்களூருக்குக் கொண்டுபோய், அதன் மேல்தான் சந்திரயான் வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழகமும் அதற்குத் துணை நின்றது. (பலத்த கைதட்டல்)

2019-ல் சந்திரயான்-2 இறங்குகலம் நிலவில் மோதி விழுந்தது. திறமை இல்லாமலா விழுந்தது? அதே திறமைசாலிகள் குறையைத் தேடினார்கள். இறங்கும் வேகத்தை அளக்க ஒரு லேசர் கருவியைப் புதிதாகச் சேர்த்தார்கள். ஹெலிகாப்டரில் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். 2023 ஆகஸ்ட் 23, சந்திரயான்-3 பூப்போல இறங்கியது! பிரக்யான் வண்டியிலிருந்த இன்னொரு லேசர், நிலவு மண்ணைச் சுட்டுப் பார்த்து, கந்தகம் இருக்குன்னு சொல்லிச்சு.

பெற்றோர்களே, மாதத் தேர்வும் அதிர்வு மேசைதான். உலுக்கிப் பார்க்கிறது உடைக்கிறதுக்கு இல்லே, எந்த இடம் தளர்ந்திருக்குன்னு கண்டுபிடிக்க. மார்க் குறைஞ்சா, "நீ உருப்பட மாட்டே"ன்னு சொல்லாதீங்க. "எங்கே தளர்ந்திருக்கு கண்ணு, சரி பண்ணலாம் வா"ன்னு சொல்லுங்க. தரையில் வர்ற குறை நஷ்டமில்லே, லாபம்! ஆகவே தயாரிப்பே என்று தீர்ப்பு வழங்குங்கள்.