மருத்துவரிடம் மனம் திறந்து பேசுங்கள்



சிறுநீரகங்கள் செயலிழந்தவர் வழக்கமாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம், இயந்திரத்தின் மூலம் இரத்தத்தைச் சுத்திகரித்து உயிர் வாழலாம். மற்றொருவரின் சிறுநீரகத்தைப் பெற்றுப் பொருத்திக்கொள்வது பிறிதொரு வழி. நம் நாட்டில் அந்த அறுவைச் சிகிச்சை முதன்முதலாக 1975ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் நடைபெற்றது.

மருத்துவர் கூறுவது விளங்காவிடினும் தலையசைத்துவிட்டுத் திரும்பும் வழக்கம் நம்மிடையே உண்டு. மரியாதை கருதிய அந்த மௌனம் இங்கே கேடு விளைவிக்கும். ஏனெனில், புதிய சிறுநீரகத்தை உடல் அயற்பொருளாகக் கருதி எதிர்க்கும். அவ்வெதிர்ப்பை அடக்கும் மருந்துகளை நாள் தவறாது உட்கொள்ள வேண்டும். நலமடைந்துவிட்டோம் என்று எண்ணி நிறுத்தினால், உடன்பிறந்தவர் ஈந்த சிறுநீரகமும் வீணாகக்கூடும்.

ஆகவே கேளுங்கள்: எனக்கு ஏற்ற சிகிச்சை எது? கொடுப்பவருக்கு ஏற்படக்கூடிய ஆபத்து யாது? எத்தனை நாள் பால்மரம் வெட்டச் செல்லலாகாது? செலவு எவ்வளவு? மொழி புரியாவிடில், மொழிபெயர்த்துச் சொல்லக்கூடிய ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் சொன்னதை உங்கள் சொற்களில் அவரிடமே திருப்பிச் சொல்லுங்கள்; தவறிருந்தால் அவர் திருத்துவார். உண்ணும் நாட்டு மருந்தையும் மறைக்காதீர்கள்.

கொடுக்க முன்வருபவரும் மருத்துவரிடம் தனியே பேசட்டும். "இயலாது" என்று கூறும் உரிமை அவருக்கும் உண்டு. அதற்காக எவரும் அவரைக் கடிந்துகொள்ளலாகாது.

ஐயம் கேட்பது அவமரியாதையன்று. உயிரைக் காக்கும் முதற்படியாகும்.