ஆகாயத்திலிருந்து ஒரு படம்

(ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வானத்திலே கமராவை ஏற்றிப் படம் பிடிப்பது இன்றைய ட்ரோன் யுகத்தின் புதுமை என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். பிரான்சு தேசத்திலே ஆர்தர் பத்யூ என்பவர் 1888ஆம் ஆண்டிலேயே பட்டத்தில் கமராவைக் கட்டி ஏற்றினார். மெல்ல எரியும் திரியொன்று முடிந்ததும் கமராவின் மூடி தானே திறந்து மூடும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்களைக் கண்ட நமக்கு இது வியப்பன்று. 2021 டிசெம்பரில் பருத்தித்துறைப் பக்கத்தில் ஒரு பட்டம் ஓர் இளைஞரையே கயிற்றோடு தூக்கிவிட்டதன்றோ! நல்லவேளை, அவர் உயிர் தப்பினார்.

இப்பொழுது ட்ரோனில் பிலிம் கமராவை ஏற்றுவோரும் உளர். காசைக் கரியாக்கும் வேலை என்று பெரியோர் சிரிக்கலாம். சுருளொன்றில் முப்பத்தாறு படங்கள். கமரா தானே சுருளை நகர்த்தாவிடின் ஒரு பறப்புக்கு ஒரே படம். பொறியின் அதிர்வினால் படம் கலங்காதிருக்க, விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்குக்குள் மூடி திறந்து மூடவேண்டும். கழுவும்வரை பலன் தெரியாது. ஆதலால் எதை எடுக்கப் போகிறோம் என்பதைத் தரையில் நிற்கும்போதே தீர்மானிக்கவேண்டியிருக்கிறது. கோப்பாய்ச் செம்மண் தோட்டமா, தொண்டைமானாற்று நீர்ப்பரப்பா என்று முன்கூட்டியே தெரிந்தவன், அயல்வீட்டு முற்றத்தின் மேலே சும்மா சுற்றித் திரியமாட்டான். எமக்கு இக்கலை பிடித்ததற்கு முதற்காரணம் இதுவே.

பெரியோர்களே, வானத்து ஒலியைப் பற்றி உங்கள் முன் பேச எமக்குக் கூச்சமாக இருக்கிறது. வாடைக்காற்றில் இராமுழுதும் விண் கூவிய பட்டத்தின் ஒலியோடு உறங்கியவர்கள் நீங்கள். பின்னர் பொம்மரின் இரைச்சல் கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடியவர்களும் நீங்களே. 2009இல் முடிந்த போரின் இறுதி ஆண்டுகளில், வன்னி வானிலே ஆளில்லாது சுற்றிய வேவு விமானத்துக்கு மக்கள் 'வண்டு' என்று பெயரிட்டார்கள். வண்டு வந்துபோனால் அடுத்து என்ன வரும் என்பது குழந்தைகளுக்கும் தெரிந்திருந்தது. இன்று நமது ட்ரோன் எழுப்புவதும் ஏறக்குறைய அதே இரைச்சல்தான். நமக்கு அது விளையாட்டு. கிணற்றடியில் நிற்கும் ஓர் ஆச்சிக்கு அது என்னவென்று யார் கேட்டோம்?

கிடுகுவேலி அடைத்து வாழ்ந்த ஊர் இது. வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பவனை ஊர் என்ன சொல்லும் என்பது உங்களுக்குத் தெரியும். நூறு அடி உயரத்திலிருந்து பார்த்தால் மட்டும் அது நாகரிகமாகிவிடுமோ?

சட்டமும் உண்டு. சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளை அறியாமல் எவரும் ட்ரோனை ஏற்றலாகாது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின் நாடு முழுவதும் ட்ரோன் பறத்தல் சிலகாலம் தடைசெய்யப்பட்டிருந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் பலாலி, சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அப்பக்கத்து வானம் நமது விளையாட்டிடமன்று. தேர் இழுக்கும் அடியார் கூட்டத்தின் தலைக்கு மேலும் வேண்டாம். மின்கலம் ஓய்ந்தால் பொறியும் கமராவும் கல்லைப்போல் விழும்.

ஆனால் சட்டப் புத்தகத்தில் இல்லாத ஒன்றையும் நம் சங்கத்து இளைஞர்கள் வழக்கமாக்கிக்கொள்ளவேண்டும் என்று கேட்கிறோம். ட்ரோனை ஏற்றுமுன் அயல்வீட்டுப் படலையடியில் நின்று, "ஆச்சி, ஒரு பத்து நிமிஷம் மேலே இரையும், அது நாங்கள்தான்" என்று சொல்லுங்கள். வேண்டாம் மோனை என்றால் வேறிடம் போங்கள். சரி என்றால், படம் கழுவி வந்ததும் முதற்பிரதியை அவர் கையிற் கொடுங்கள்.