கமான்பட்டையும் ஒரு ரப்பர் புஷ்ஷும்

விழுப்புரம் – திண்டிவனம் சாலையோரம் பட்டறை வைத்திருப்பவனுக்கு அமாவாசைக்கு மறுநாள் வேலை கூடும். மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்கு ஒரே ஆம்னி வேனில் இரண்டு குடும்பத்தை ஏற்றிப் போயிருப்பார்கள். 2019இலேயே தயாரிப்பு நின்றுபோன வண்டி. எங்கள் பக்கம் இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை! பின்பக்கம் தணிந்து, வேகத்தடையில் 'டக்'கென்று அடிக்கும். "அண்ணே, இன்னொரு பட்டை சேர்த்துப் போட்டுடுங்க" என்பார் டிரைவர்.

உடனே சேர்க்கமாட்டேன். சேர்த்தால் வண்டி நிமிரும். ஆனால் ஆள் இல்லாமல் ஓடும்போது தூக்கித் தூக்கிப் போடும். முதலில் கமான்பட்டையில், அதாவது பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கில், விரிசலையும் பட்டைகளைக் கோத்திருக்கும் சென்டர் போல்ட்டையும் பார்ப்பேன். அந்த போல்ட் முறிந்தால் ஆக்ஸில் இடம் நகர்ந்து, வண்டி நண்டுபோலக் கோணலாக ஓடும். மழை விட்டதும் ஈரமண்ணில் நேராக ஓட்டிப் பாருங்கள். முன், பின் சக்கரத் தடங்கள் இரண்டு பக்கமும் ஒரேமாதிரி விழுகின்றனவா? காசில்லாத சோதனை.

எனக்குப் பிடித்த சங்கதி, கமான்பட்டை முனையில் இருக்கும் ரப்பர் புஷ். செஞ்சிப் பக்கத்து மல்லாட்டை வியாபாரி ஒருவர், "எத்தனை தடவை மாத்தினாலும் புஷ் போயிடுது, எல்லாம் டூப்ளிகேட்" என்று புலம்பிக்கொண்டு வந்தார். பழைய புஷ்ஷைக் கழற்றிக் காட்டினேன். ரப்பர் ஒரே திசையில் முறுகிக் கிழிந்திருந்தது. ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே நட்டை முழுசாக முடுக்கியிருக்கிறார்கள். ரப்பர் அந்தக் கோணத்திலேயே இறுகிவிடும். வண்டியை இறக்கியதும் பட்டை பாரத்தில் படியும், ரப்பர் முறுகும், ஓட ஓடக் கிழியும். பட்டறைத் தம்பிகள் குறித்துக்கொள்ளட்டும்: நட்டை முதலில் லேசாக ஏற்றுங்கள். வண்டியைத் தரையில் இறக்கி, கொஞ்சம் உருட்டி, பின்பக்கத்தை நன்றாக அமுக்கி விடுங்கள். அதற்குப் பிறகுதான் கடைசி முடுக்கு. காயில் ஸ்பிரிங் வைத்த ஸ்விஃப்டிலும் பின் பீம் புஷ்ஷுக்கு இதேதான்.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டதாம். ஆக்ஸிலைக் கமான்பட்டையோடு கட்டும் யூ போல்ட்டை எதிரெதிர் மூலையாக முடுக்குங்கள்; சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பாருங்கள். ஷாக் அப்சார்பரை ஜோடியாக மாற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள். அடுத்த முறை வண்டி எடுக்கப் போகையில், "இறக்கி வச்சுத்தானே முடுக்கினீங்க?" என்று மெக்கானிக்கிடம் கேட்பீர்கள் என நம்புகிறேன்.