கல்லிலே ‘செய்வித்த’, வாயிலே ‘செஞ்ச’

(தலைப்பு: தமிழ் பெரிதும் வாழ்வது ஏட்டிலா? வாய்ப்பேச்சிலா? ‘வாய்ப்பேச்சிலே’ என்ற அணியில் கழுகுமலை மேடையில் ஆற்றிய உரை)

நடுவர் அவர்களே! இருபுறமும் வீற்றிருக்கும் நாவலர்களே! மொட்டைப் பாறைக்குக் கீழே, வெட்ட வெளியிலே, பனியையும் பாராமல் உட்கார்ந்திருக்கிற கழுகுமலைத் தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் இந்த மலையையே கைகாட்டிவிட்டுப் போனார்கள். “ஆயிரத்து இருநூறு வருஷமாகத் தமிழைக் காப்பாற்றி வைத்திருப்பது எழுத்துத்தானே?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. மேலே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாறையிலே வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். கீழே வட்டெழுத்து. எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலம். நூறு அளவிலே கல்வெட்டு. பெரும்பாலும் ஒரே வாய்பாடு: இன்ன ஊர், இன்னாருடைய மாணாக்கர், இன்னார் ‘செய்வித்த’ திருமேனி. குரத்தியார் என்று பெண் ஆசிரியர்கள் பெயர்கூட இருக்கிறது. அந்தக் காலத்திலேயே வாத்தியாரம்மா! (கைதட்டல்)

அம்மா, அந்த ஒரு வினைச்சொல்லை நீங்கள் தொட்டிருக்கக் கூடாது. நான் அதைத்தான் பிடித்துக்கொள்ளப் போகிறேன். செய்வித்த என்றால் என்ன? செய்தவன் இல்லை, ஆள் வைத்துச் செய்யச் சொன்னவர். உளி பிடித்தவன் ‘நான் செஞ்சது’ என்றுதான் சொல்லியிருப்பான். அவன் பேர் அங்கே இல்லை. பக்கத்திலே வெட்டுவான் கோயில், ஒரே பாறையில் மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டே வந்து, அடிப்பகுதி முடியாமல் நின்று போனது. அதைச் செய்தவனைப் பற்றி ஏதாவது தெரிகிறதா? அப்பன் சிற்பி, மகன் சிற்பி, அப்பன் சம்மட்டியால் மகனை அடித்துக் கொன்றான் என்று ஒரு கதை தெரிகிறது. அந்தக் கதை எந்தக் கல்லிலே இருக்கிறது? உங்க பாட்டி வாயிலே இருக்கிறது! (பலத்த கைதட்டல்)

சரி, அந்தச் ‘செய்வித்த’ இப்போ எங்கே? “வீட்டுக்குச் சன்னல் செய்வித்தேன்” என்று இங்கே யாராவது சொல்வீர்களா? ‘செய்ய வச்சேன்’ என்கிறோம். கல் காப்பாற்றிய வடிவத்தை வாய் கைவிட்டுவிட்டது. ‘செய்’ என்ற வேரை மட்டும் வாய் விடவே இல்லை.

அந்த வேருக்கு எவ்வளவு வயசு? கன்னடக்காரர் காதைக் ‘கிவி’ என்பார், நாம் செவி என்கிறோம். சிவப்பைக் ‘கெம்பு’ என்பார், நமக்குச் செம்மை. அந்தக் கணக்கிலேயே நம்ம செய், பழங்கன்னடத்திலே ‘கெய்’. தெலுங்கிலே ‘சேயு’. ஆக ஆதியிலே ககரம். நம்ம நாக்கிலே அது சகரமானது. அது ஏட்டிலே நடந்த மாற்றமா? எழுத்தே வருமுன்னால் உழுதுகொண்டும் மாடு மேய்த்துக்கொண்டும் இருந்தவர்கள் வாயிலே நடந்தது ஐயா! தொல்காப்பியர் வினையெச்சத்துக்கு வாய்பாடு தேடியபோது ‘செய்து’ என்று இந்தச் சொல்லைத்தான் எடுத்தார். அரபு இலக்கணக்காரர்களும் அவர்கள் மொழியிலே ‘செய்’ என்று பொருள்படும் சொல்லையே வாய்பாடாக வைத்திருக்கிறார்கள்.

ஆங்கிலத்திலே ‘டூ’. ஜெர்மனியிலே ‘டூன்’. ஆதிப் பொருள் ‘வை, இடு’. வடமொழி ‘ததாதி’ அதற்குப் பங்காளி. ‘லவ்டு’, ‘வாக்டு’ என்று கடைசியிலே ஒரு ‘டு’ ஒட்டுகிறார்களே, அது ‘டிட்’ என்ற சொல்லின் மிச்சம் என்பது மொழியியலார் பலருடைய கருத்து. தனிச்சொல் தேய்ந்து வால் ஆகிவிட்டது. பேசிப் பேசித்தான் தேயும், எழுதினால் தேயுமா? (சிரிப்பு)

நம்ம கரிசலுக்கு வாங்க. செய் என்றால் நிலமும்தான். நன்செய், புன்செய். அந்தச் செய்யும் இந்தச் செய்யும் ஒரே வேரா என்ற சண்டைக்கு நான் இப்போ வரவில்லை. வாய் அதைப் புஞ்சை ஆக்கியது. பழைய பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், எழுத்தும் பின்னாலேயே வந்து ‘புஞ்சை’ என்று கையெழுத்துப் போட்டிருக்கும்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இதே வாய்தான் இன்றைக்குக் ‘குக் பண்றேன், வாஷ் பண்றேன்’ என்கிறது. வடிக்கிறது, தாளிக்கிறது, அலசுறது, துவைக்கிறது எல்லாவற்றையும் ஒரு ‘பண்ணு’ விழுங்குகிறது. பண்ணு நல்ல பழைய தமிழ்தான், குற்றம் அதன் மேல் இல்லை. ஆனால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இந்த இடத்திலே எதிரணி என்னை அடிக்கலாம்.

அடிக்குமுன் ஒன்று கேளுங்கள். மழை ஏமாற்றிய வருஷம், காய்ந்த பருத்திச் செடி முன்னால் எங்கம்மா உட்கார்ந்து “என்னத்தச் செய்ய?” என்றாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். அகராதியிலே செய் என்றால் செயல். அவள் வாயிலே, செய்வதற்கு ஒன்றுமே இல்லை என்று அர்த்தம். அந்தப் பொருளை நான் எந்த ஏட்டிலே படித்துத் தெரிந்துகொள்வேன்? பிறகு ஒரு கல்லூரி நேர்காணலிலே, பேர் வேண்டாம், அதே தொடரைச் சொன்னேன். “நீர் டாக்டர் பட்டம் வாங்கினவரா?” என்று சிரித்தார்கள். வேலை கிடைக்கவில்லை.

மணி அடிக்கிறீர்கள் ஐயா, முடித்துவிடுகிறேன். நாளைக்கு வெயில் ஏறுமுன் மலை ஏறலாம் என்று இருக்கிறேன். விடுதித் தம்பி கேட்டார், “அங்க போயி என்ன செய்யப் போறீய?” ‘பண்ணப் போறீய’ என்று கேட்கவில்லை. நடுவர் அவர்களே, எங்கள் அணிக்கு அந்தத் தம்பிதான் சாட்சி.