விளக்கியவர்கள்



பொன்விழாவில் பெரிய விஷயங்களைப் பேசப் பலர் இருக்கிறார்கள். நாங்கள் ஒரு சின்னச் சொல்லை எடுத்துக்கொள்கிறோம்: விளக்கு.

இருட்டில் ஏற்றுவது விளக்கு. ஆலிம்சா பயானில் மார்க்கத்தை விளக்குகிறார். நம் உம்மாமார்கள் அடுப்படியில் சொன்னது வேறு: "சட்டியை விளக்கி வை." இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால், சட்டியை யாருக்கு விளக்குவது என்று கேட்டாலும் கேட்பார்கள்!

துணிக்கும் சட்டிக்கும் மலாயில் 'சூச்சி' ஒன்றே போதும். தமிழில் துணியைத் துவைக்கிறோம், கையைக் கழுவுகிறோம், வாசலைக் கூட்டுகிறோம். விளக்குவதற்குத் தண்ணீர் மட்டும் போதாது, தேய்க்க வேண்டும். பித்தளைக்குப் புளி, கரிப்பிடித்த சட்டிக்குச் சாம்பலும் தேங்காய் நாரும். ஒளுவில் முகத்தைக் கழுவுகிறோம். மிஸ்வாக்கால் பல்லை விளக்குகிறோம்.

விளங்குவது என்றால் ஒளிர்வது. ஒளிரச் செய்வது விளக்குவது. கரியைத் தேய்த்துப் பளபளப்பைக் கொண்டுவந்தாலும், ஐயத்தைப் போக்கிப் பொருளைக் கொண்டுவந்தாலும் வேலை ஒன்றுதான். இந்த நாட்டில் நாம் 'வெளங்குதா?' என்றுதானே கேட்கிறோம். (துடைப்பத்துக்கும் விளக்குமாறு என்றே பெயர். "விளக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று கடிதம் எழுதும்போது நம் செயலாளர் கொஞ்சம் கவனமாக இருப்பது நல்லது.)

இந்தச் சங்கத்தில் 50 ஆண்டுகளாக இரண்டு வேலையும் நடந்து வந்திருக்கிறது. மேடையில் விளக்கியவர்களின் பெயர்கள் கூட்டக் குறிப்பேட்டில் இருக்கின்றன. நோன்புக் கஞ்சிக்கு அரிசியும் இறைச்சியும் கொடுத்தவர்களுக்கு ரசீது இருக்கிறது. அடிப்பிடித்த தேக்சாவுக்குள் பாதி உடம்பை நுழைத்து, தராவீஹுக்கு நேரமாகிறதே என்று தேய்த்தவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்களில் பலர் பெண்கள். பகலெல்லாம் வேலைக்குப் போய்விட்டு, நோன்பு திறந்த கையோடு வந்த இளைஞர்களும் உண்டு. சிலர் மவுத்தாகிவிட்டார்கள்.

மலர் அச்சுக்குப் போக இன்னும் நாள் இருக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது இங்கே தேக்சா விளக்கியிருந்தால், பெயரையும் ஏறக்குறைய எந்த ஆண்டு என்பதையும் ஒரு தாளில் எழுதி வாசல் மேசையில் கொடுத்துவிட்டுப் போங்கள். நினைவில்லை என்றால் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு அடுத்த ஜும்ஆவுக்குள் கொண்டுவாருங்கள். நன்கொடையாளர் பட்டியலுக்கு முந்திய பக்கத்தை அதற்காக வைத்திருக்கிறோம்.