துப்பாக்கிக்கு மாற்றுக் கட்டை

காட்டோரக் கிராமங்களில் பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் வாங்கி நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கிறீர்கள். குழலைத் துடைக்கிறோம், விசைக்கு எண்ணெய் விடுகிறோம். மரக்கட்டையை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. கைபிடிக்கிற கழுத்தில் கீறல் விட்டால் கம்பியைச் சுற்றி ஓட்டிவிடுகிறோம். இது ஆபத்துங்க. வெடிக்கும்போது குழல் பின்னால் உதைக்கிறது. அந்த உதை மெல்லிய கழுத்தின் வழியாகத்தான் தோளுக்கு வருகிறது. அங்கே முறிந்தால் அடி கையிலும் முகத்திலும் படும். கீறல் விட்ட கட்டையை மாற்றிவிட வேண்டும்.

எந்த மரம் நல்லது? பேர் வாங்கியது அக்ரூட் மரம். காஷ்மீரில் வளர்வது. அதிகக் கனம் இல்லை, உதையைத் தாங்கும், நன்றாக உலர்ந்தபின் கோணாது. அது கிடைக்காவிட்டால் சீசம் மரம் நன்றாக உழைக்கும். கனம் சற்றுக் கூடுதல். இலவம் போன்ற மெது மரம் ஆகாது.

மரத்தின் பேரைவிட ரேகை முக்கியம். கழுத்தில் ரேகை நீளவாக்கில் ஓடணும். குறுக்கே ஓடினால் அந்தக் கோட்டிலேயே பிளக்கும். மண்வெட்டிக் காம்புக்கு மரம் பார்க்கிற கண்ணாலேயே இதையும் பாருங்கள். தோளில் படும் பக்கம் ரேகை சுழித்து அழகாக இருந்தால் இருக்கட்டும். கழுத்தில் கணுவும் சுழியும் கூடாது. பச்சை மரமும் வேண்டாம். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு நிழலில் காயணும் என்பது மரவேலைக்காரர் கணக்கு. அப்படிப் பார்த்தால் 2 அங்குலக் கட்டைக்கு 2 ஆண்டு.

அளவும் பொருந்த வேண்டும். முழங்கையை மடக்கி, மடிப்பில் கட்டையின் அடியை வைத்தால் ஆள்காட்டி விரல் விசைக்கு எட்டணும். பெரும்பாலோருக்கு 13 முதல் 14 அங்குலம் சரியாக வரும். இரும்பு மரத்தில் ஆட்டமில்லாமல் உட்காரணும். ஆடினால் ஒவ்வொரு வெடியும் ஆப்பு அடித்த மாதிரி மரத்தைப் பிளக்கும். கடைசியில் ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தடவி, காயக் காய மறுபடி தடவுங்கள். இரும்பு உட்காரும் உள்பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். ஈரம் ஏறுவது அங்கேதான்.

ஊர்த் தச்சர் கெட்டிக்காரராகவே இருக்கலாம். ஆனால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி பழுதுபார்க்க உரிமம் உள்ளவரிடம்தான் கொடுக்க வேண்டும். உங்கள் உரிமத்தையும் கொண்டு போங்கள், ரசீது வாங்குங்கள். வீட்டைவிட்டுக் கிளம்புமுன் கேப்பை எடுத்துவிட்டு, குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி, கெட்டிக்கும் கோலை விட்டுப் பாருங்கள். கோல் அடிவரை இறங்காவிட்டால் உள்ளே மருந்து இருக்கிறது என்று அர்த்தம். அப்படியே எடுத்துப் போகாதீர்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். துப்பாக்கி உரிமம் வேட்டைக்கு அனுமதி அல்ல. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பன்றித் தொல்லை என்றால் முதலில் வனத்துறையிடம் சொல்லுங்கள்.