வெட்டி ஒட்டிய சிரிப்பு



பத்திரிகை கைக்கு வந்ததும் முதலில் எதைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டால், தலைப்புச் செய்தி என்று ஒருவர் சொல்லுவார். ஆசிரியத் தலையங்கம் என்று இன்னொருவர் சொல்லுவார். மரண அறிவித்தல் என்று உண்மையைச் சொல்லுபவர்களும் உண்டு. ஆனால், எங்கள் ஊர் வாசிகசாலைகளில் மாலையாகும்போது பத்திரிகையின் எந்த மூலை அதிகம் கசங்கியிருக்கிறது என்று பார்த்தால் விடை வேறாக இருக்கும். கேலிச்சித்திரம் உள்ள மூலைதான் அது. எழுத்துக் கூட்டி வாசிப்பவரும், வாசிக்கவே தெரியாதவரும், பண்டிதரும் ஒருங்கே விரல் வைக்கும் இடம் அது.

அந்த மூலையின் ஆயுள் ஒரு நாள். மறுநாள் அது கடலைச் சுருளாகவோ, அலுமாரித் தட்டில் விரிக்கும் தாளாகவோ போய்விடுகிறது. இப்படி ஒரு நாளைக்கென்று வரையப்பட்டதை வெட்டி, ஒட்டி, சேர்த்து, நூலாக்கி வாசிக்கும்போது கிடைக்கும் சுவை என்ன? அது பத்திரிகையில் கிடைத்த அதே சுவைதானா? இதைப்பற்றியே இன்று உங்களோடு சிறிது கதைக்கலாம் என்று நினைக்கிறேன்.

படம் போட்ட சிரிப்பைப் பிள்ளைகளின் சரக்கு என்று ஒதுக்கும் தமிழாசிரியர்கள் உண்டு. தொல்காப்பியர் அப்படி ஒதுக்கியிருக்கமாட்டார் என்பது என் எண்ணம். எட்டு மெய்ப்பாடுகளில் அவர் முதலில் வைத்தது நகையைத்தான். அதற்கு நான்கு நிலைக்களன்களும் சொன்னார். பிறரை இகழ்ந்து நகுவது எள்ளல்; பிள்ளைத்தன்மை கண்டு நகுவது இளமை; அறியாமையால் விளைவது பேதைமை; ஒருவர் சொன்னதை அப்படியே ஏற்று, ஏற்றதை விடாமல் பிடித்திருப்பது மடன். அரசியல் கேலிச்சித்திரம் எள்ளலில் அடங்கும். தேவன் எழுதிய துப்பறியும் சாம்பு, கோபுலுவின் கோடுகளில் சித்திரத் தொடராக ஆனந்த விகடனில் வந்தபோது தமிழர் சிரித்தது பேதைமைக்கு. சாள்ஸ் ஷூல்ஸ் என்ற அமெரிக்க ஓவியர் 1950 முதல் 2000 வரை வரைந்த ‘பீனட்ஸ்’ தொடர் இளமையில் அடங்கும்.

அந்த ‘பீனட்ஸ்’ தொடரிலேயே மடனுக்கும் ஓர் உதாரணம் உண்டு. சார்லி பிறவுண் என்ற சிறுவன் பந்தை உதைக்க ஓடி வருவான். பந்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் லூசி என்ற சிறுமி கடைசி நேரத்தில் அதை இழுத்துவிடுவாள். அவன் மல்லாக்க விழுவான். அடுத்த ஆண்டும் அவள் ‘இந்தமுறை இழுக்கமாட்டேன்’ என்பாள். அவன் நம்பி ஓடிவருவான். ஒருமுறை பார்த்தால் இது விழுந்தவனைக் கண்டு சிரிக்கும் சிரிப்பு. தொகுப்பிலே இருபது முறை பார்த்தால், வாக்குறுதிகளை நம்பி நம்பி விழுந்த எவருக்கும் தொண்டை அடைக்கும். தேர்தல்கள் பல கண்ட எங்களுக்கு இதற்கு மேல் உரை தேவையில்லை.

தொகுப்பு தரும் முதலாவது சுவை இதுதான். ஒற்றைப் படம் ஒரு நகைச்சுவையைத் தருகிறது; தொகுப்பு ஒரு மனிதரைத் தருகிறது. நாளுக்கொரு படமாகப் பார்த்தபோது துண்டு துண்டாக இருந்த ஒருவர், சேர்த்துப் பார்க்கும்போது நடையும் குணமும் கோபமும் உள்ள அயலவராக எழுந்து வருகிறார்.

எங்கள் நாட்டுத் தமிழில் இதற்கு முதற்பெயர் ‘சிரித்திரன்’ சுந்தர். கரவெட்டியில் 1924இல் பிறந்த சி. சிவஞானசுந்தரம், பம்பாயில் கற்று, கோட்டோவியம் பழகித் திரும்பியவர். தினகரனில் அவர் வரைந்த சவாரித்தம்பரும் சின்னக்குட்டியும் வீட்டுக்கு வீடு அறிமுகமானார்கள். 1960களின் முற்பகுதியில் அவர் தொடங்கிய ‘சிரித்திரன்’ சஞ்சிகை முப்பது ஆண்டுகள் அளவில், இடர்களுக்கும் இடைவெளிகளுக்கும் நடுவே, வெளிவந்தது. செங்கை ஆழியானின் ‘ஆச்சி பயணம் போகிறாள்’ நாவல் தொடராக வந்ததும் அதில்தான். ‘மகுடி’ என்ற பெயரில் சுந்தர் எழுதிய கேள்வி பதில்களுக்காகவே சஞ்சிகையை வாங்கியவர்களும் இருந்தார்கள்.

சுந்தரின் பாத்திரங்களுடைய பெயர்களை மட்டும் பாருங்கள். சவாரி என்றால் கிளிநொச்சியாருக்கும் வடமராட்சியாருக்கும் மாட்டுவண்டிச் சவாரிதான் முதலில் நினைவுக்கு வரும். ஆகவே சவாரித்தம்பர் என்றவுடனேயே சால்வையும் துவரங்கம்பும் மனக்கண்ணில் தோன்றிவிடுகின்றன. மயில்வாகனம் என்பது எங்கள் ஊர்களில் பழகிய பெயர்; கொழும்புக்கும் வடக்குக்கும் இடையே ஓடியது இரவு மெயில் வண்டி. இரண்டையும் பிணைத்து ‘மெயில் வாகனத்தார்’ என்றார். தாமோதரன் என்ற நல்ல தமிழ்ப்பெயரை ஆங்கில நாக்கிலே புரட்டி ‘மிஸ்ஸிஸ் டாமோடிரன்’ என்றார். வகுப்பிலே சிலேடை படிப்பிக்கும்போது காளமேகத்துக்கு அடுத்ததாக நான் எடுத்துக்காட்டுவது இந்தப் பெயர்களைத்தான். ஒரு சமூகத்தின் ஏக்கமும் பகட்டும் ஒரு பெயருக்குள் அடங்கியிருப்பதைப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

இங்கே ஓர் ஒப்பீடு செய்யலாம். ஆர். கே. லக்ஸ்மன் 1951 முதல் ‘ரைம்ஸ் ஒஃப் இந்தியா’வில் வரைந்த சாமானியன் கட்டம் போட்ட கோட்டும் வேட்டியும் அணிந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நிற்பான், வாய் திறப்பதில்லை. தென்னிலங்கையில் கொலெற் ‘சிற்றிசன் பெரேரா’வையும், விஜேசோம ‘புஞ்சி சிங்ஞோ’வையும் சாமானிய மனிதரின் பிரதிநிதிகளாகப் படைத்தார்கள். சுந்தரின் தம்பரோ வாய் ஓயாதவர். தமது ஊர்த் தமிழிலேயே பேசுகிறவர். மௌனமாக நிற்கும் சாமானியன் எந்த நாட்டிலும் விளங்குவான். தம்பரின் பேச்சு எங்கள் மண்ணிலேதான் முழுமையாக விளங்கும். ஆகவே அந்தப் பேச்சைக் காப்பாற்றும் பொறுப்பும் எங்களுடையதே.

தொகுப்பின் இரண்டாவது சுவை, ஓவியர் நினைத்திராத சுவை. நகைச்சுவைக்காக வரைந்த படத்தின் பின்னணியில் ஒரு லாந்தர் தொங்கும்; ஒரு றலி சைக்கிள் சாய்ந்து நிற்கும்; கிடுகு வேலியில் ஒரு பொட்டு இருக்கும். வரைந்த அன்று அவற்றை யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். இன்று பார்க்கும் பிள்ளை ‘இது என்ன சேர்?’ என்று கேட்கிறது. வரலாற்று நூலாசிரியர் எழுத மறந்த வீட்டுச் சாமான்களை எல்லாம் கேலிச்சித்திரக்காரர் தம்மை அறியாமலே பதிந்துவைத்திருக்கிறார்.

மூன்றாவதை ஒரு சுவை என்பதா, சிக்கல் என்பதா என்று தெரியவில்லை. அரசியல் கேலிச்சித்திரம் அன்றைய செய்தியின் மேல் நிற்பது. செய்தி மறந்துபோனால் படம் ஊமையாகிவிடும். ஒளவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்து, இங்கே ஆயுதங்கள் நெய் பூசி அழகாக இருக்கின்றன, அதியமானுடையவையோ முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்ற கருத்துப்படச் சொன்னார். அந்தத் தூது நிகழ்ச்சி தெரிந்தவருக்கு அது பழிகரப்பு அங்கதம். தெரியாதவருக்கு வெறும் புகழ்ச்சி. புறநானூற்றுக்குப் பழைய குறிப்பு இருந்தபடியால் அந்தக் குத்தல் இன்றும் எங்களுக்குக் குத்துகிறது.

பாரதியாருக்கும் இதுவே நடந்தது. 1906இல் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் அவர் கருத்துப்படங்களை வெளியிட்டார். தமிழ்ப் பத்திரிகையில் அரசியல் கருத்துப்படத்துக்கு வழிவிட்ட முன்னோடி அவர். அந்தப் படங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி தேடித் தொகுத்து, விளக்கங்களோடு 1994இல் நூலாக்கினார். ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளாகப் பழைய தாள்களுக்குள் கிடந்த சிரிப்பு அப்போதுதான் மறுபடி வாய் திறந்தது. தொகுப்பாசிரியரும் ஓர் உரையாசிரியரே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தொகுப்பினால் இழப்பதும் ஒன்று உண்டு. அது காத்திருப்பு. தினத்தந்தியில் 1960இல் தொடங்கிய ‘கன்னித்தீவு’ அறுபது ஆண்டுகளைக் கடந்தும் முடியாத கதை. முடியாத காரியம் எதையும் ‘கன்னித்தீவு’ என்று சொல்லுமளவுக்கு அது வழக்காகிவிட்டது. அதன் சுவை நாளைக்கு என்ன நடக்கும் என்பதில்தான். அதைக் கட்டாகக் கட்டி ஒரே இருப்பில் வாசித்தால், நாளொன்றுக்கு ஒரு கடி கடிக்க வேண்டிய பனங்கட்டியைக் குட்டானோடு விழுங்கியது போலாகிவிடும். ஆகையால் கேலிச்சித்திரத் தொகுப்பைக் கையில் எடுப்பவர்களுக்கு நான் சொல்லுவது: நாளைக்கு ஐந்து பக்கம் போதும். நாவலைப் போல விடிய விடிய வாசிக்கவேண்டாம்.

நேயர்களே, தொகுப்பு என்ற சொல்லை வன்னியில் நின்று சொல்லும்போது அதன் பாரம் வேறு. ‘பீனட்ஸ்’ தொடரின் படங்கள் 17,897. அவ்வளவும் வெளிவந்த திகதி வரிசையில், 2004 முதல் 2016 வரை நூல்களாக அச்சிடப்பட்டன. ஒரு நாள்கூடத் தவறவில்லை. எங்களிடமோ 1990களில் பொருளாதாரத் தடைக்குள் பத்திரிகையின் பக்கங்களே குறைந்தன. அச்சுத்தாள் கிடைப்பதே அரிதாயிற்று. 1995இன் பெரும் இடப்பெயர்வும், 1996இல் கிளிநொச்சி கண்ட இடப்பெயர்வும், 2008, 2009இல் நாங்கள் நடந்த நடையும் வீடுகளிலிருந்த தாள்களை எல்லாம் தின்றுவிட்டன.

என் சிறிய தந்தையார் ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருந்தார். சிரித்திரனிலும் நாளிதழ்களிலும் வந்த படங்களை வெட்டி, கோதுமை மாப் பசையால் ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் இரண்டொரு சொல் எழுதிவைப்பார். கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு என்று நகர்ந்த நாட்களில் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாம் பையில் ஏறின. கொப்பி றங்குப்பெட்டியோடு நின்றுவிட்டது. எந்த வீட்டிலும் இதுதான் நடந்திருக்கும். உயிருக்கு முன்னால் சிரிப்பு எம்மாத்திரம்? ஆனால் எல்லாம் முடிந்து திரும்பி வந்தபின், உறுதிக்கு மறுபிரதி எடுக்கக் கந்தோர் இருந்தது. கொப்பிக்கு மறுபிரதி தர எந்தக் கந்தோரும் இருக்கவில்லை.

இவ்வளவு துயரம் கண்ட இடத்தில் சிரிப்பைப்பற்றிப் பேசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. சுந்தர் 1996இல் மறையும்வரை கண்ட காலமும் சிரிப்புக்கு உகந்த காலமல்ல. சிரித்தால் துயரம் மறக்கும் என்று நான் சொல்லவரவில்லை, மறக்கவும் கூடாது. சிரிப்பு, சிரிப்பவன் இன்னும் தன் கண்ணாலேயே பார்க்கிறான் என்பதற்கு அடையாளம். அதனால்தான் அதிகாரம் கோட்டோவியத்துக்கு அஞ்சுகிறது. 2010 ஜனவரி 24இல் காணாமலாக்கப்பட்ட பிரகீத் எக்னலிகொட கேலிச்சித்திரமும் வரைந்த பத்திரிகையாளர். சிங்களத்திலே வரைந்தாலும் தமிழிலே வரைந்தாலும் அந்தப் பேனாவின் முனைக்கு விலை ஒன்றுதான். காணாமற்போனவர்களின் படங்களை ஏந்தி வீதியோரம் அமர்ந்திருக்கும் தாய்மாரைத் தினமும் கடந்து பாடசாலைக்குப் போகும் எங்களுக்கு, அந்தக் குடும்பத்தின் காத்திருப்பு அந்நியமானதல்ல.

இனிச் செய்யக்கூடியது என்ன? 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்ற இணைய நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் படியெடுத்து யாவரும் வாசிக்க வைத்திருக்கிறது. சிரித்திரன் இதழ்களும் அங்கே உண்டு. பாடசாலைக் கணினிக்கூடத்தில் அவற்றைத் திறந்து காட்டியபோது, தம்பரின் பேச்சை ஒரு மாணவி உரத்து வாசிக்க, பின்வாங்கிலிருந்த பையன் ‘எங்கட அப்பு கதைக்கிறமாதிரியே இருக்கு’ என்றான். இலக்கியம் வேறென்ன செய்யவேண்டும்?

ஆனால் அங்கே இல்லாத இதழ்கள் எத்தனையோ வீடுகளின் பரணிலும், கடல் கடந்துபோன உறவுகளின் பெட்டிகளிலும் இருக்கக்கூடும். இருந்தால் கொடுத்து உதவுங்கள். சனசமூக நிலையத்தவர்களே, பழைய பத்திரிகைகளை நிறுத்து விற்கும் முன்னர் அந்த மூலையை மட்டுமாவது வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். வெட்டும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிக்கொடுங்கள்: படத்துக்குக் கீழே பத்திரிகையின் பெயரையும் திகதியையும் எழுத மறக்கவேண்டாம். அந்தச் செய்தி என்னவென்று ஒரு வரியும் எழுதிவைத்தால், ஐம்பது ஆண்டு கழித்து வாசிப்பவர் அந்தப் பிள்ளையை உரையாசிரியர் வரிசையில் வைத்துப் போற்றுவார்.